கோர்த்தினாவில் ஒரு வாரப் பனிச்சறுக்கு: திட்டமிடுவது எப்படி

கோர்த்தினா தம்பேட்சோவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சறுக்குப் பகுதியின் வரைபடம். ஹோட்டல் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதவைத் திறந்ததும் சறுக்கலாம் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, கனமான பூட்ஸோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. இங்கே சறுக்குப் பகுதி ஒரே மலையில் இல்லை. துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவே ஊரும் சாலையும் வருகின்றன. எங்கே தங்குவது, எந்தப் பாஸ் (மலையேற்றும் லிஃப்ட்டுகளுக்கான சீட்டு) வாங்குவது, எந்த நாளில் எங்கே போவது என்ற மூன்று முடிவும் இதைப் பொறுத்தவைதான்.

இத்தாலியின் வடகிழக்கில், வெனெட்டோ மாநிலத்தின் பெல்லூனோ மாவட்டத்தில், டோலமைட் மலைகளுக்கு நடுவே 1,224 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. 1956-இலும் 2026-இலும் குளிர்கால ஒலிம்பிக் வந்த இடம். இத்தாலியப் பணக்காரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீடு வாங்கிப்போட்டிருக்கும் ஊர் என்பதால் விலைவாசி அதற்கேற்றபடிதான் இருக்கும்.

மேற்கே தோஃபானா. சோக்ரேபெஸ், போகோல் சரிவுகளும் இதோடு சேர்ந்தவை. கிழக்கே ஃபலோரியா, ஊர் நடுவிலிருந்தே கேபிள் கார் ஏறி 2,100 மீட்டருக்கு மேல் போய்விடலாம். அதற்கு எதிரே கிறிஸ்தால்லோ. மூன்றாவது துண்டு ஃபல்சாரெகோ கணவாய்ப் பக்கம் இருக்கும் சின்க்வே தோர்ரியும் லகட்சுவோயும். முன்பெல்லாம் இதற்குப் பேருந்தில்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் 'ஸ்கைலைன்' கோண்டோலா (கம்பியில் தொங்கி ஓடும் சிறு பெட்டிகள்) வந்த பிறகு போகோல் பக்கமிருந்து வானத்திலேயே கடந்துவிடலாம். ஆனால் ஃபலோரியா இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. தோஃபானாவிலிருந்து அங்கே போக ஊருக்குள் இறங்கி, ஸ்கை பஸ் பிடித்தோ நடந்தோதான் போக வேண்டும்.

நாளெல்லாம் சறுக்கிக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறவர் என்றால் பக்கத்துப் பள்ளத்தாக்குகளான ஆல்தா பாதியாவோ வால் கார்தேனாவோதான் உங்களுக்குச் சரி. குழுவில் இரண்டு பேர் நன்றாகச் சறுக்குவார்கள், ஒருவர் இப்போதுதான் கற்கப்போகிறார், அம்மா வெயிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தால் போதும் என்கிறார் என்றால் கோர்த்தினாவைப் போல இன்னொரு ஊர் கிடைப்பது கஷ்டம். இங்கே வருகிறவர்களில் கணிசமானவர்கள் சறுக்குவதே இல்லை. அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதும் இல்லை.

எப்போது போவது

லிஃப்ட்டுகள் நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்து ஏப்ரல் தொடக்கம் வரை ஓடும். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும்; பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறை வாரங்களும் அப்படியே. டிசம்பர் 8 இத்தாலியில் விடுமுறை என்பதால் அதையொட்டிய நாட்களில் ஊர் நிரம்பி வழியும். அப்போது வருகிற பலர் கோர்சோ இத்தாலியா தெருவில் புதுக் கோட்டு போட்டு உலாத்த வருகிறவர்கள். சரிவுகளும் பாதிதான் திறந்திருக்கும். பணம் கொடுத்து அந்த நேரத்தில் சறுக்கப் போவதில் அர்த்தமில்லை.

நல்ல நேரம் இரண்டு. ஜனவரி 7-க்குப் பிறகு மாதக் கடைசி வரை கூட்டம் குறைவு. குளிர் கடுமையாக இருந்தாலும் பனி இறுகி நன்றாக இருக்கும். அடுத்தது மார்ச் முதல் பாதி: பகல் நீளம், வெயில் இதம், விலையும் இறங்கியிருக்கும். ஜனவரியில் போகிறவர்கள் பெண்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நடக்கும் நாட்களில் தோஃபானாவின் புகழ்பெற்ற ஒலிம்பியா சரிவு பொதுமக்களுக்கு மூடியிருக்கும், அறையும் கிடைக்காது.

டோலமைட் பகுதியில் இயற்கைப் பனியை நம்ப முடியாது. பல ஆண்டுகளில் ஜனவரி முழுக்க வானம் நீலமாகவே இருக்கும். ஆனாலும் சரிவு திறந்திருக்கும். பெரும்பாலான சரிவுகளில் செயற்கைப் பனி இயந்திரம் உண்டு. பனிப்பொழிவு இல்லை என்று பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்.

தங்குமிடம்

இத்தாலியர்கள் பனிச்சறுக்கு விடுமுறையை வாரக் கணக்கில் எடுப்பார்கள்; 'வெள்ளை வாரம்' என்பது அவர்கள் வழக்கு. அதனால் உச்சப் பருவத்தில் பல ஹோட்டல்கள் சனி முதல் சனி வரை ஏழு இரவாகத்தான் தரும். ஜனவரி நடுவில் மூன்று நான்கு இரவுக்கும் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கும் பிப்ரவரிக்கும் எட்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

முதல்முறை போகிறவர்கள் ஊர் நடுவில், கோர்சோ இத்தாலியாவுக்கு அருகில் தங்குங்கள். அது வண்டிகள் நுழையாத கடைத்தெரு. ஃபலோரியா கேபிள் காருக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்தே போகலாம். தோஃபானாவுக்கு ஏறும் லிஃப்ட் நிலையம் ஒலிம்பிக் பனி அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் நடை தூரம்தான், இல்லையென்றால் ஸ்கை பஸ். போகோல் பக்கம் தங்கினால் காலையில் சரிவுக்குச் சீக்கிரம் போகலாம், மாலையில் ஊருக்கு வரப் பேருந்தை நம்ப வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பதினோரு கிலோமீட்டர் தெற்கே உள்ள சான் வீத்தோ தி காதோரேயைப் பார்க்கலாம். கார் இருந்தால் மட்டுமே அது சௌகரியம்.

'மெட்சா பென்சியோனே' என்று போட்டிருந்தால் காலை உணவும் இரவுச் சாப்பாடும் சேர்த்தி. இந்த ஊரில் தினமும் இரவு வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது, ஆகவே இதை எடுத்துக்கொள்வது லாபம். அறை வாடகையில் சேராத சுற்றுலா வரி ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கிளம்பும்போது தனியாக வாங்குவார்கள்.

போய்ச் சேர்வது

ஊருக்கு ரயில் கிடையாது. இருந்த மலை ரயிலையும் 1964-இல் மூடிவிட்டார்கள். வெனிஸ் மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். 'கோர்த்தினா எக்ஸ்பிரஸ்', 'ஆத்வோ' நிறுவனப் பேருந்துகள் விமான நிலையத்திலிருந்தும் மெஸ்த்ரே ரயில் நிலையத்திலிருந்தும் நேராகப் போகும். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையை முன்பே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள், விமானம் இறங்கும் நேரத்துக்கும் பேருந்துக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள். கடைசிப் பேருந்தை விட்டால் டாக்சிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு இரவு தங்கிவிடலாம்.

ரயிலில் வருவதாக இருந்தால் தெற்கிலிருந்து காலால்ட்சோ வரைக்கும், ஆஸ்திரியப் பக்கமிருந்து தொப்பியாக்கோ வரைக்கும் வந்து பேருந்து மாற வேண்டும். இரண்டுமே கோர்த்தினாவிலிருந்து முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம்.

வாடகைக் கார் எடுத்தால் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயர் அல்லது வண்டியில் சங்கிலி கட்டாயம். கார் கொடுக்கும் இடத்திலேயே டயரைப் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் மூன்று முகடு மலையும் நடுவே பனித்துகள் படமும் இருந்தால் சரியான டயர். ஏ27 நெடுஞ்சாலை பெல்லூனோவுக்கு அருகில் முடிந்ததும் எஸ்எஸ்51 என்ற ஒற்றைச் சாலைதான். சனிக்கிழமை மதியம் அதில் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும்.

விசா, காப்பீடு, சட்டம்

ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்குப் பதினைந்து நாள் என்பது கணக்கு; நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். விசாவுக்காக வாங்கும் மலிவான காப்பீடுகளில் பல, பனிச்சறுக்கில் ஏற்படும் காயத்தை ஏற்பதில்லை. 'குளிர்கால விளையாட்டு' என்று தனியாகச் சேர்த்திருக்கிறதா, மலையிலிருந்து மீட்பதும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று விதிமுறைகளில் தேடிப் படியுங்கள்.

இதற்கு மேல் இத்தாலியில் இன்னொரு காப்பீடும் வேண்டும். நீங்கள் யார்மீதாவது மோதினால் அவருக்கான இழப்பீட்டுக் காப்பீடு 2022 ஜனவரி முதல் எல்லோருக்கும் கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் 100 முதல் 150 யூரோ அபராதம், பாஸையும் பிடுங்கிவிடுவார்கள். ஸ்கை பாஸ் வாங்கும் கவுண்டரிலேயே நாளுக்குச் சில யூரோ கூடக் கொடுத்தால் சேர்த்துத் தருவார்கள். ஹெல்மெட் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். குடித்துவிட்டுச் சறுக்குவதும் குற்றம்: இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் தாண்டினால் அபராதம், 0.8 தாண்டினால் வழக்கு. மலைக்குடில்களில் சூடாகத் தரும் பொம்பார்தீனோ முட்டை மதுபானம், பார்ப்பதற்குக் கஸ்டர்ட் மாதிரி இருக்கும். ஏமாந்துவிட வேண்டாம்.

எந்தப் பாஸ்

இரண்டு வகை உண்டு. கோர்த்தினா பகுதிக்கு மட்டுமான பாஸ் சுமார் 120 கிலோமீட்டர் சரிவுக்குச் செல்லும். டோலமீத்தி சூப்பர்ஸ்கி பாஸ் பன்னிரண்டு பகுதிகளுக்கும் சேர்த்து 1,200 கிலோமீட்டர். உச்சப் பருவத்தில் சூப்பர்ஸ்கியின் ஒரு நாள் விலை 80 யூரோவைத் தாண்டிவிட்டது. 1,200 என்ற எண்ணைப் பார்த்து எல்லோரும் பெரியதை வாங்குகிறார்கள். ஆறு நாளில் இரண்டு நாளாவது ஆல்தா பாதியா பக்கம் போவீர்கள் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளூர்ப் பாஸே தாராளம்.

முதல்முறை சறுக்குகிறவர் இரண்டையுமே முதல் நாளில் வாங்கக் கூடாது. பயிற்சிச் சரிவின் நகரும் விரிப்புக்கும் சிறு லிஃப்ட்டுக்கும் தனிச் சீட்டு கிடைக்குமா என்று ஸ்கை பள்ளியில் கேளுங்கள். மூன்றாம் நாள் பயிற்சியாளர் சொன்ன பிறகு பாஸ் எடுத்தால் போதும்.

பாஸை இடது கைப் பக்கத்துப் பையில் தனியாக வையுங்கள், நுழைவாயில் அந்தப் பக்கமிருந்துதான் படிக்கும். செல்போனோ இன்னொரு அட்டையோ கூடவே இருந்தால் கதவு திறக்காது. பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

பூட்ஸ், ஸ்கை, உடை

வாடகைக்கு எடுக்கும் சாமான்களில் பூட்ஸுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு சாக்ஸ், மெல்லியதாக, முழங்காலுக்குக் கீழ்வரை. இரண்டு சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் தட்டி, கொக்கிகளை மாட்டி நிமிர்ந்து நில்லுங்கள்: விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கியதும் விரல் பின்னுக்கு வந்துவிட வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும்போதே வசதியாக, செருப்பு மாதிரி இருந்தால் அது பெரிய அளவு. சரிவில் கால் உள்ளே ஆடும், திருப்ப முடியாது, மதியத்துக்குள் கணுக்கால் புண்ணாகும். கால்சட்டையின் உள்மடிப்பு பூட்ஸுக்குள் போனாலும் கணைக்கால் எலும்பில் தழும்பு விழும். உள்ளே சாக்ஸைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

பூட்ஸை ஸ்கையோடு பிணைக்கும் பைண்டிங்கை இறுக்க உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் ஸ்கை கண்ட இடத்தில் கழன்றுகொள்ளும். திறமையை ஏற்றிச் சொன்னால் விழும்போது கழலாது. முழங்காலில் காயம் படலாம். ஸ்கை நீளம் தொடக்கக்காரருக்குத் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வந்தால் போதும். கையில் ஊன்றும் கழியைத் தலைகீழாகப் பிடித்து, நுனியில் உள்ள வட்டுக்குக் கீழே கை வைத்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும்.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், இரவில் சாமான்களை வைத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்து எடுங்கள். பூட்ஸை இரவில் சூடாக்கிக் காயவைப்பார்கள். காலையில் ஈரமான குளிர்ந்த பூட்ஸில் கால் நுழைப்பது பெரும்பாடு.

உடையில் பருத்தி ஆகாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். ஜனவரிக் காலையில் மேல் நிலையங்களில் மைனஸ் பதினைந்துகூடப் போகும், அதே நாள் மதியம் வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். 50 எஸ்பிஎஃப் வெயில் காப்புக் களிம்பு கட்டாயம், மூக்கின் அடிப்பக்கமும் தாடையின் கீழும் சேர்த்து. பனியில் வெளிச்சம் கீழிருந்து அடிக்கும். ஏதாவது மறந்திருந்தால் கோர்சோவில் 1893 முதல் இருக்கும் 'லா கூப்பெரதீவா' பல்பொருள் அங்காடியில் கையுறையிலிருந்து ரொட்டி வரை கிடைக்கும்.

ஆறு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் எல்லோருக்கும் சோக்ரேபெஸ். அகலமான, சாய்வு குறைந்த நீலச் சரிவுகள். இத்தாலியில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பச்சைக் குறி வழக்கமில்லை. கற்றுக்கொள்பவர்கள் காலை நேரக் குழு வகுப்பில் சேருவது மலிவு. தனி வகுப்பு ஒரு மணி நேரத்துக்கே ஒரு நாள் பாஸ் விலை ஆகும். குழந்தைகளுக்கு ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

இந்தப் பக்கச் சரிவுகள் வெயில் பார்த்தவை. மார்ச்சில் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், பதினொன்றுக்கு இளகி அருமையாக இருக்கும், இரண்டு மணிக்குக் குழைந்து சேறாகும். அந்த மாதத்தில் அதிகாலை வேகம் காட்ட வேண்டாம்.

இரண்டாம் நாள் ஃபலோரியா. நடுத்தரச் சரிவுகள், வரிசை குறைவு, ஊரையும் தோஃபானாவையும் முழுசாகப் பார்க்கலாம். சறுக்காதவர்களும் கேபிள் காரில் ஏறி மேலே உட்காரலாம். நன்றாகச் சறுக்குகிறவர்கள் மூன்றாம் நாளில் தோஃபானா மேல் பகுதிக்குப் போய் ஒலிம்பியாவை ஒருமுறை பாருங்கள். இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே, 60 சதவீதத்துக்கு மேல் சாய்வோடு விழும் அந்தத் துண்டைத் தொலைக்காட்சியில் பார்த்தால் மட்டமாகத் தெரியும்.

வானம் தெளிவாக இருக்கும் நாளை லகட்சுவோய்க்கு ஒதுக்குங்கள். காற்று பலமானால் கேபிள் கார் நின்றுவிடும் என்பதால் முந்தின இரவே முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஃபல்சாரெகோ கணவாயில் 2,105 மீட்டரில் ஏறினால் சில நிமிடங்களில் 2,750 மீட்டர். முதல் உலகப் போரில் இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் குடைந்த சுரங்கங்கள் இந்தப் பாறைக்குள்தான் இருக்கின்றன. காலை பத்து மணிக்குப் பிறகு கீழே வரிசை நீண்டுவிடும், அதற்குள் ஏறிவிடுங்கள்.

மேலிருந்து மறுபக்கம் இறங்கும் ஆர்மெந்தரோலா சரிவு எட்டரைக் கிலோமீட்டர். சிவப்புக் குறி போட்டிருந்தாலும் முதல் சில நூறு மீட்டரைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் மெதுவான இறக்கம்தான். அந்த முதல் பகுதி செங்குத்து, அடிக்கடி உறைந்திருக்கும், பயந்தவர்கள் பக்கவாட்டில் சரிந்தே இறங்கலாம். பிறகு லிஃப்ட்டோ கம்பமோ எதுவும் கண்ணில் படாத பள்ளத்தாக்கு, உறைந்து நீலமாகத் தொங்கும் அருவிகள். அடியில் தட்டையான பாதை. ஸ்னோபோர்டு காரர்கள் இங்கே கழற்றிக்கொண்டு நடக்க வேண்டும். கடைசியில், சறுக்குகிறவர்களை இழுத்துப்போகக் குதிரைகள் நிற்கும். பின்னால் நீளக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஆட்கள் தொங்குவார்கள். கழிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஸ்கைகளை இணையாக வைத்து, முழங்காலைத் தளர்த்திக் கயிற்றை விரல்களால் மட்டும் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றக் கூடாது: முன்னால் ஒருவர் விழுந்தால் நீங்கள் உடனே விட்டாக வேண்டும். இதற்குக் கொடுக்கச் சில யூரோ, சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.

அங்கிருந்து ஃபல்சாரெகோவுக்குத் திரும்பப் பேருந்தோ பகிர்வு டாக்சியோதான். லிஃப்ட்டுகள் நான்கு மணியளவில் நிற்கத் தொடங்கும். மூன்றுக்கு முன்னால் கணவாய்க்கு வந்துவிடத் திட்டமிடுங்கள். தவறினால் கோர்த்தினா வரை டாக்சிக் கட்டணம். இதே நாளில் செல்லா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் செல்லா ரோந்தா என்ற சறுக்கு வட்டத்தையும் முடிக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கோர்த்தினாவிலிருந்து அது நடக்காத காரியம், விடிவதற்குள் காரில் கிளம்பினாலொழிய.

குறித்த சரிவைவிட்டு வெளியே போக ஆசைப்படுகிறவர்கள் மலை வழிகாட்டியோடு மட்டும் போங்கள். பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்தில் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் சட்டப்படி வேண்டும். அவசர எண் 112. அழைக்கும்போது சரிவோரக் கம்பத்தில் உள்ள எண்ணைச் சொன்னால் மீட்புக் குழு தேடாமல் வரும்.

சாப்பாடு

மதியம் மலைக்குடிலில். பெயர் பெற்ற அவெராவ் போன்ற குடில்களில் ஒரு மணிக்குப் போய் இடம் கேட்டால் கிடைக்காது, காலையிலேயே போன் செய்து பன்னிரண்டு மணிக்கோ இரண்டுக்கோ மேசை சொல்லுங்கள். உள்ளூர்ப் பண்டம் காசுன்ட்சியேய்: பீட்ரூட் பூரணம் வைத்த பாஸ்தா, மேலே உருக்கிய வெண்ணெயும் கசகசாவும். சைவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. கனேதெர்லி உருண்டைகள் பார்க்கச் சைவம் போல இருக்கும், பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கும். சூப்பும் இறைச்சிச் சாறில் செய்ததாக இருக்கலாம். 'செந்த்சா கார்னே, செந்த்சா ப்ரோதோ தி கார்னே' (இறைச்சி இல்லாமல், இறைச்சிச் சாறும் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும் என்பதால் கண்டிப்பான சைவர்கள் அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கிளம்பும் நாளன்று சறுக்க ஆசைப்பட வேண்டாம். முந்தின மாலையே சாமான்களை வாடகைக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள், காலையில் அங்கே வரிசை இருக்கும். சனிக்கிழமை மதிய விமானம் என்றால் காலை முதல் பேருந்தில் ஏறுங்கள். பத்து மணிக்கு மேல் எஸ்எஸ்51-இல் இறங்கும் வண்டிகளோடு ஏறும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும், இரண்டரை மணி நேரப் பாதை நான்கு மணி நேரம்கூடப் பிடிக்கும்.